எதிர் பெஞ்சில் லூர்து அண்ணன்

போன ஞாயிற்றுக்கிழமை சலூனில் ஒரு கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது டிவியில் லூர்து அண்ணன் வந்தார். வடக்கே ஏதோ ஒரு கால்பந்து அணிக்கு இப்போது அவர்தான் மேனேஜர். தலை நரைத்து, கோட்டு போட்டு, ஆள் ஜோராக இருந்தார். இந்த அணியை விட்டு எங்கேயும் போவதாக இல்லை என்று அரைகுறை இந்தியில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து கத்தி லேசாகக் கீறிவிட்டது. கடைக்காரர் படிகாரத்தைத் தேய்த்தார்.

படிகாரத்துக்கு வாசனை உண்டா, தெரியாது. எனக்கு வந்தது முழங்கால் தைல வாசனை. லூர்து அண்ணன் பக்கத்தில் வந்தாலே அந்த நெடிதான். கல்கத்தா, கோவா, கொச்சி, ஜலந்தர் என்று ஊர் ஊராக ஆடி, முழங்கால் தேய்ந்து தூத்துக்குடிக்குத் திரும்பியவர். கோபம் வந்தால் வங்காளத்தில் திட்டுவார், சந்தோஷம் வந்தால் மலையாளத்தில் பாடுவார். இரண்டும் விளங்காததால் இரண்டுக்கும் தலையாட்டுவோம். உப்பளத்தில் வேலை செய்தவன், வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவன், மளிகைக் கடையில் பொட்டலம் மடித்த நான் எனக் கிடைத்த ஆட்களை வைத்து, பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து வெட்டவெளியில் ஓர் அணியை உண்டாக்கினார். நான் கோல்கீப்பர். உயரமாக இருந்தேன், வேறு காரணம் இல்லை.

அணியின் உயிர் சவரி. கடற்கரைத் தெருக்காரன். தடுப்பாட்டத்தில் அவனைத் தாண்டிப் பந்து வருவது அபூர்வம். என் பெயர் கெடாமல் இருந்ததே அவனால்தான். கோப்பைப் போட்டியின் நடுவில் அவனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. அவன் மாமா பலரிடம் கெஞ்சி வாங்கிய வேலை. லூர்து அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு சவரி வீட்டுக்குப் போனார். அவன் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

“யக்கா, ஊர் ஊரா அடுத்தவனுக்கு ஆடிட்டு வந்திருக்கேன். இது என் சொந்த டீமு. சவரி இல்லாட்டா டீமு கெடையாது. அவன் இருந்தா நானும் எங்கயும் போவ மாட்டேன். மாதா மேல சத்தியம்.”

அந்த அம்மா கையிலிருந்த மீனைக் கழுவி முடித்தார். பிறகு மகனைப் பார்த்து, “ஒன் இஷ்டம்ல” என்றார். சவரி கப்பல் வேலையை விட்டான்.

இறுதி ஆட்டம் பணக்காரக் கம்பெனி ஒன்றின் அணியோடு. மைதானத்தில் அண்ணனைக் காணோம். முழங்கால் வலியாக இருக்கும் என்று வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். அங்கும் இல்லை. விசில் ஊதப்போகும் நேரத்தில் சவரிதான் என் தோளைத் தொட்டுக் காட்டினான். எதிரணியின் பெஞ்சில், அவர்களுடைய நீலப் பனியனில், எங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

சவரிக்கு இடதுகால் சற்றுப் பலவீனம் என்பதை எங்களைத் தவிர அவர் ஒருவர்தான் அறிவார். பந்தெல்லாம் அந்தப் பக்கமே வந்தது. நான் குனியச் சோம்பல்படுவேன் என்பதும் அவருக்குத் தெரியும். எல்லாப் பந்தும் தரையோடு வந்தது. எத்தனை கோல் வாங்கினேன் என்று சொல்ல இன்றும் வாய் வரவில்லை.

முடிந்ததும் அவரிடம் போய், “ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா அண்ணே” என்றேன்.

“என்னைய எந்த ஊர்லயும் சொல்லிட்டு டீம விட்டு எடுக்கலல. காலைல போனா என் பனியன வேறொருத்தன் போட்டிருப்பான். இதான் இந்தத் தொழிலு.”

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற சவரியைப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியையும் விட்டுவிட்டுக் கேரளத்துக்குப் போய்விட்டார். சவரிக்குக் கப்பல் மறுபடி அமையவில்லை. மாமாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கப் போனான்.

பல வருடம் கழித்து லூர்து அண்ணனின் அம்மா இறந்துபோனார். அப்போது பஞ்சாபில் இருந்த அண்ணன் இன்னும் வந்து சேரவில்லை. பெட்டியைத் தூக்க முதலில் குனிந்தவன் சவரி. அதைப் பார்த்து நாங்களும் தோள் கொடுத்தோம். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும் நேரத்துக்குத்தான் அண்ணன் ஓடி வந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, “நம்ம டீமு மொத்தமும் வந்திருக்கு” என்று அழுதார்.

“டீமுன்னு யாரும் வரல. தெருக்காரங்க வந்திருக்கோம்” என்றான் சவரி.

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முன்பெல்லாம் நாங்கள் பந்தை எடுக்கும் நேரம். நாங்கள் ஆடிய வெட்டவெளியில் கண்டெய்னர்களை அடுக்கி, சுற்றிலும் சுவர் எழுப்பியிருந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் போனோம். அதன் பிறகு நாங்கள் எல்லோரும் ஓரிடத்தில் சேரவே இல்லை.