சாக்குக்குள் ஒளிர்ந்த வஞ்சிரம்

போன ஞாயிறு காலை, சிவாஜிநகர் மீன் மார்க்கெட்டில் ஒரு கோணிச் சாக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள்... உள்ளே விஞ்ஞானம் நடந்துகொண்டிருந்தது!

நான் வாடிக்கையாக மீன் வாங்குவது செல்வியிடம். அவர் மீனில் ஃபார்மலின் கலக்கிறார் — பிணம் கெடாமலிருக்க ஊற்றுவார்களே, அதேதான் — என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். தினமும் கூடை கூடையாக எடுக்கும் கன்னடக்கார மெஸ்காரரே, "நாளையிலேர்ந்து மீன் பேடம்மா, வேண்டாம்" என்று கையை விரித்துவிட்டார். அந்த ஆர்டர் போனால் கடையே போன மாதிரி.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ரேவதி கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி செய்கிற பெண். விஷயத்தைக் கேட்டதும் குதித்தாள். "அங்கிள், எங்க லேப்ல ஒரு மருந்து பண்ணியிருக்கோம். ஃபார்மலின் இருந்தா, புற ஊதா விளக்குல நீலமா ஒளிரும். இல்லேன்னா இருட்டுதான்!"

ஒரே ஒரு சொட்டு... கண்ணுக்குத் தெரியாத கள்ளனைக் காட்டிக்கொடுத்துவிடும்! எனக்குத் தூக்கம் வருமா?

மெஸ்காரரையும் கூட்டிவந்தோம். செல்வி வஞ்சிரத்தை வெட்டி, மஞ்சள் தடவி, ஒரு துண்டை நீட்டினார். சொட்டு விட்டாள் ரேவதி. இருட்டுக்குச் சாக்கு. விளக்கைப் போட்டதும் — பளீர்!

"நோடு, பாரு! நான் சொல்லலை?" என்றார் மெஸ்காரர்.

செல்வியின் முகம் செத்துவிட்டது. "சத்தியமா ஐஸைத் தவிர ஒண்ணும் போடல சார்..."

ரேவதி மட்டும் தலையை வெளியே எடுக்கவில்லை. "இருங்க... இது நீலம் இல்லையே? பச்சையும் மஞ்சளுமால்ல இருக்கு!" இன்னொரு துண்டை வாங்கி, சொட்டே விடாமல் பார்த்தாள். அதுவும் பளீர்!

"அக்கா, இதுல என்ன தடவுனீங்க?"

"மஞ்சத்தூள்மா. வெட்டினா தடவித்தானே குடுப்போம்?"

அட, மஞ்சள் அந்த விளக்கில் தானாகவே ஒளிருமாம்! ரேவதி தலையில் அடித்துக்கொண்டாள். மஞ்சள் படாத புதுத் துண்டு வந்தது. சொட்டு. சில நிமிடக் காத்திருப்பு. விளக்கு... கும்மிருட்டு! மருந்து வேலை செய்கிறதா என்று காட்ட, லேபிலிருந்து கொண்டுவந்த ஃபார்மலினில் தோய்த்த துண்டைப் பக்கத்தில் வைத்தாள். அது மட்டும் நீலமாய் ஜொலித்தது. தீபாவளிதான் போங்கள்!

"தள்ளுய்யா, நானும் பார்க்கறேன்!" சாக்குக்குள் நுழைய அடிதடி. பார்த்தவர்கள் எல்லாம் அப்படியே செல்வியிடம் பையை நீட்டினார்கள்.

மெஸ்காரர் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு வழக்கம்போல அனுப்பிடும்மா."

"அனுப்பறேன் சார். இன்னிக்கு வேணும்னா கியூல நில்லுங்க!"

நின்றார்!