நைனாவின் ஹெட்போன்

எண்பதுகளில் எங்கள் ஏரிக்கரை ஊர்களில் ஹெட்போன் வாங்கி வருத்தப்பட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பழவேற்காட்டு டீக்கடைக்காரர் வாங்கியதில் ஒரே வாரத்தில் ஒரு பக்கம் செத்துப்போனது. அவர் வருத்தத்தில் நியாயம் இருந்தது. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா பட்ட வருத்தத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவும் நானும் ஊர்ப் பெண்களோடு ஏரியில் கையால் இறால் பிடித்தோம். தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்போம். வாயைத் திறந்தால் பறியும் போச்சு, இறாலும் போச்சு. அதனால் இறங்கிவிட்டால் பேச்சே கிடையாது. ஆபத்து என்றால் உள்ளங்கையால் தண்ணீரை ஓங்கி அறைவோம். படகில் இருப்பவர் சத்தம் கேட்டுக் கழி ஊன்றி வந்து தூக்கிக்கொள்வார். வெயிலுக்கு முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காது மட்டும் திறந்திருக்க வேண்டும். நைனாவுக்குப் படகில் அது ஒன்றுதான் வேலை.

அதற்கும் அவருக்கு வலித்தது. போகும்போதும் வரும்போதும் பெண்கள் பேசுவது பொறுக்காமல், துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் ஹெட்போன் வாங்கித் தன் டிரான்சிஸ்டரில் செருகிக்கொண்டார். அம்மா இறால் விற்ற காசுதான்.

"இத மாட்டிக்கினா உங்க காக்கா கூச்சல் ஒண்ணும் கேக்காது. நிம்மதி" என்றார்.

"நாங்க தண்ணில எறங்கனதும் கழட்டி வெச்சுடுய்யா" என்றாள் அம்மா.

"எல்லாம் எனுக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

அன்று காலை அம்மாவின் கை சேற்றில் புதைந்து கிடந்த திருக்கையின் மேல் பட்டது. அதன் வால் முள் வலது உள்ளங்கையில் ஏறி உள்ளேயே முறிந்தது. அம்மா இடது கையால் தண்ணீரை அறைந்தாள். நான் அறைந்தேன். கூட இருந்த பெண்கள் எல்லோரும் அறைந்தார்கள். படகு அசையவே இல்லை. நான் பறியை விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினேன். அம்மா அந்த வலியிலும் பறியை விடாமல் கடித்துக்கொண்டிருந்தாள்.

கறுப்புச் சேற்றில் விழுந்து எழுந்து அவளை இழுத்துக்கொண்டு போனோம். புண்ணெல்லாம் சேறு. படகை எட்டிப் பிடித்தபோது நைனா முகத்தில் துண்டோடு மல்லாந்து கிடந்தார். கால் கட்டைவிரல் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தச் சனியனைப் பிடுங்கி எறிந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாடி, பைத்தியமா உனுக்கு?"

கை சீழ் பிடித்து வீங்கியது. ஆஸ்பத்திரியில் கிழித்துச் சுத்தம் செய்தார்கள். உயிர் பிழைத்தாள். வலது கையில் மூன்று விரல்கள் மட்டும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

நைனா கரையில் எல்லோரும் பார்க்க ஹெட்போனைக் கல்லால் நசுக்கி ஏரியில் வீசினார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஊரே அவரைத் தேற்றியது. "பாவம், மனுசன் எப்டித் துடிக்கிறாரு பாரு" என்று பக்கத்து வீட்டிலிருந்து அவருக்கு மீன் குழம்பு வந்தது. கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவளுக்குக் கஞ்சிதான். எனக்கு அந்தக் குழம்புச் சட்டியைத் தூக்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது. ஏன் உடைக்கவில்லை என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா மறுபடியும் ஏரியில் இறங்கினாள். இடது கையால் துழாவினால் பாதிகூடக் கிடைக்காது. சோறு பிசைந்து உருட்ட வலது கை உதவாது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் சாப்பிடுவாள். நாலு பேர் முன்னால் இடது கையால் சாப்பிட அவளுக்கு உடம்பு கூசியது. கல்யாணம், காரியம் எதற்கும் வருவதை விட்டுவிட்டாள். பந்தி என்றால் முதல் ஆளாய்ப் போய்ப் பாயசம் வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

சில வருடம் கழித்து சுண்ணாம்புக்குளத்தில் ஒரு கல்யாணம். நானும் நைனாவும் போனோம். பந்தியில் எதிரே இருந்தவர்களிடம் நைனா வழக்கமான கதையைத் தொடங்கினார். "அந்தக் கருமத்த வாங்கனதுக்கு இன்னிக்கும் மனசு அடிச்சிக்குது" என்றார். எதிரே இருந்த பெரியவர் உச்சுக்கொட்டி, "வுடுப்பா. நல்ல மனசு உனுக்கு, அதான் இப்டி வருத்தப்படற" என்றார். பிறகு, "வூட்ல அவங்க வர்லியா?" என்று கேட்டார்.

"அவளுக்குக் கூட்டம்னா ஆவாது" என்றார் நைனா.

நான் சோறு ஒட்டிய கையோடு எழுந்துவிட்டேன்.

"அம்மாவுக்குக் கூட்டம் புடிக்கும். இங்க உக்காந்து சோத்துக் கையால சாப்ட முடியாது. அதான் வர்ல" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னேன். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

நைனா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஐந்து விரலும் சேர்த்துச் சோற்றைப் பிசைந்து உருட்டி, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டார்.