எங்கள் வார்டிலிருந்து வந்த ஆய்வு

சனிக்கிழமை காலைகளில் நானும் மகேஸ்வரி அக்காவும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உணவகம் ஒன்றில் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். ஆனால் அவர் எழுதுவதை நான் பார்க்கக் கூடாது. கிள்ளானிலிருந்து ரயிலேறி வரும் அந்த மூத்த நர்ஸ், எனக்கும் சேர்த்து நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ சொல்வார், தன் தோசையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைப்பார், பிறகு லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். தமிழ்நாட்டில் நான் படித்தபோது தோழிகள் நாங்கள் ஒருவர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ஒருவர் எழுதித்தான் நட்பையே வளர்த்தோம். இங்கே பார்க்காமல் இருப்பதுதான் நேர்மையாம். சிஸ்டமேட்டிக் ரிவ்யூவின் விதி அது. ஒரு கேள்விக்கு வந்திருக்கும் ஆய்வுகளையெல்லாம் தேடியெடுத்து, ஒவ்வொன்றும் நம்பத்தக்கதா என்று இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை எத்தனை மணி நேரத்துக்கொருமுறை புரட்டினால் படுக்கைப்புண் வராது என்பது எங்கள் கேள்வி. அக்கா வேலை செய்யும் மருத்துவமனை எங்கள் முடிவைப் பார்த்துத் தன் வழக்கத்தை மாற்றக் காத்திருந்தது.

போன மாதம் ஒரு கட்டுரையைத் திறந்தேன். நான் படித்த கல்லூரி, நான் நின்ற வார்டு, எழுதியவர் அங்கே எனக்குப் பாடம் நடத்திய மேடம். நான்கு மணி நேரத்துக்கொருமுறை புரட்டினாலே போதும் என்றது கட்டுரை. ஆள் இல்லாமல் தவிக்கும் எந்த மருத்துவமனைக்கும் இனிக்கிற சேதி. அதற்குத் தகவல் சேகரித்த மாணவிகளில் நானும் ஒருத்தி. வார்டு முழுக்க இரண்டே பேர் ஓடுவோம். ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து, புரட்டியதையும் தோலைப் பார்த்ததையும் குறிக்கும் சார்ட்டில் காலையிலிருந்து காலியாகக் கிடந்த கட்டங்களை ஒரே மூச்சில் நிரப்புவோம். வேறு வேறு நேரத்தில் எழுதியதுபோல் தெரிய, பேனாவைக்கூட மாற்றிக்கொள்வோம். 'தோல் இயல்பு' என்று நான் எழுதியவர்களில் பாதிப் பேரின் முதுகை நான் பார்த்ததே இல்லை. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. தாள் காலியாக இருந்தால் திட்டு விழும், அவ்வளவுதான்.

அளவீடு நம்பகமாக எடுக்கப்பட்டதா என்று கேட்கிறது எங்கள் மதிப்பீட்டுப் படிவம். 'ஆம்' போட வேண்டியதெல்லாம் கட்டுரையில் அழகாக இருந்தது. நான் 'இல்லை' போட்டேன். ஒப்பிட்டுப் பார்த்த அன்று, அக்கா எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டிருந்தார். பாட்டன் காலத்தில் ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம் அவருடையது. இந்தியாவுக்குக் கோயில் பார்க்க இரண்டு தடவை போனதோடு சரி, ஆனாலும் தமிழ்நாட்டு ஆய்வு ஒன்று சிக்கியதில் அவருக்கு அத்தனை பெருமை.

"என்னா லா, உங்க ஊரு ஸ்டடிக்கு நீயே நோ போடுறே?"

சொந்த ஊருக்குச் சாய்ந்ததாகப் பேச்சு வருமென்று பயந்து நான் குறைத்துப் போட்டதாக அவரே முடிவு கட்டிக்கொண்டார். நானும் தலையாட்டி வைத்தேன். கட்டுரையிலிருந்து காரணம் காட்ட முடியாத 'இல்லை' நிற்காது என்று சொல்லி, அடுத்த வாரம் 'ஆம்' என்று மாற்றிவிடலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க இதே யோசனை. மேடம் கொடுத்த சான்றுக் கடிதத்தால்தான் இங்கே நர்ஸிங் கல்லூரியில் எனக்கு ஆசிரியர் வேலை. அந்த வேலையை நம்பித்தான் இந்த நாட்டில் தங்க என் பெர்மிட். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமோ என்று ஒரு பக்கம் குத்தியது. நம் வாயில் இருந்தே நம் கதை வெளிவந்தால் யார் நமக்குப் பாடம் நடத்த இடம் கொடுப்பார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம். சனிக்கிழமை அக்கா ஒரு தாளோடு வந்தார். அவர் வார்டுக்கு அச்சடிக்கப்போகும் புதிய சார்ட்டாம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு கட்டம், எல்லாம் காலியாக இருந்தன. அதைப் பார்த்தபின் என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அந்த ஸ்டடில சார்ட்ட நிரப்புனது நான்தான். பாக்காமலே எழுதினேன்."

அக்கா டீயைத் தள்ளி வைத்தார். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"காரணம்னு கட்டம் இருக்கு பாரு. நீயே எழுது."

எழுதினேன். இந்த ரிவ்யூவை நடத்தும் எங்கள் பேராசிரியருக்கும் அனுப்பிவிட்டோம். அவர் மேடத்துக்கு எழுதி விளக்கம் கேட்பார், அதுதான் முறை. என்ன பதில் வரும், என் பெர்மிட் என்னாகும் என்று ஒன்றும் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிய சார்ட்டை அக்கா நிறுத்தி வைத்துவிட்டார், கிள்ளானில் பழையபடி இரண்டு மணி நேரத்துக்கொருமுறைதான் புரட்டுகிறார்கள். நேற்று ஊரில் இருக்கும் வகுப்புத் தோழியிடம் விசாரித்தேன். எங்கள் வார்டில் மேடத்தின் கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். அங்கே இன்னும் நான்கு மணி நேரத்துக்கொருமுறைதான்.