டாக்டர் சொன்னதில் பாதி

என் அண்ணன் மனைவி தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோதே இருமலோடுதான் வந்தாள். காலையில் எழுந்ததும் அரை டம்ளர் அளவுக்குப் பச்சையாகக் கோழை துப்புவாள். சயரோகம் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மதினிக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு, தொழுவத்தை ஒட்டிய அறை. ஆறு வருஷம் அப்படியே போயிற்று. பள்ளிக்கூடத்தில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், அவள் தட்டைக் காலால்தான் நகர்த்தியிருக்கிறேன்.

ஊருக்குப் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் மைக்ராஸ்கோப் வைத்திருந்தார். மதினியின் கோழையை ஒரு புட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தடவை வாங்கிப் பார்த்தார்.

“இது சயரோகம் இல்லை. சின்ன வயசில் கக்குவான் வந்திருக்கும், மூச்சுக்குழாய் அங்கங்கே விரிந்து கெட்டுப்போச்சு. அதில் தேங்குகிற கோழையில் வேற கிருமிகள் குடியிருக்கு. பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு ஒட்டாது.”

நான் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார்: “சளி பிடிச்சவங்களை மட்டும் அவங்க பக்கத்தில் விடாதீங்க. நமக்கு மூணு நாள் மூக்கு ஒழுகும். அவங்களுக்கு உள்ளே கிடக்கிறதெல்லாம் கிளம்பிரும்.”

வீட்டில் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மீதியைச் சொன்னால் அம்மா அதையே சாக்காக வைத்து மறுபடியும் ஒதுக்கிவிடுவாள் என்று நினைத்தேன். அது மட்டுமல்ல. அவளை மீட்டவன் நான் என்ற பெருமையில் ஒரு சிறு குறைகூட விழுவதை நான் விரும்பவில்லை.

மதினி வீட்டுக்குள் வந்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் காலையில் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கவிட்டுக் கோழையை வெளியேற்றினாள். இருமல் குறைந்தது, முகம் தெளிந்தது.

அந்த ஆண்டு சாரல் பருவத்தில் வீரகேரளம்புதூரிலிருந்து அக்கா ஒரு வயசுப் பெண்குழந்தையோடு வந்தாள். குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த மறுநாளே குழந்தைக்கு மூக்கு ஒழுகியது.

“மதினி, இவளைச் செத்த பிடியேன். பால் பொங்குது” என்றாள் அக்கா.

மதினி கையை நீட்டாமல் என்னைப் பார்த்தாள். “தம்பி, நான் எடுக்கலாமா? பிள்ளைக்கு ஒண்ணும் வந்துராதுல்லா?”

குழந்தையின் மூக்கு எனக்குத் தெரிந்தது. டாக்டரின் வார்த்தையும் நினைவுக்கு வந்தது.

“தாராளமா எடுங்க மதினி. உங்ககிட்ட இருந்து ஒண்ணும் ஒட்டாது” என்றேன்.

குழந்தை அவள் முகத்தில் தும்மியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று முழுக்க இறக்கிவிடவே இல்லை.

நாலாம் நாள் மதினிக்குக் காய்ச்சல் கண்டது. கோழை நாறியது, ரத்தம் கலந்து வந்தது. வீட்டில் யாருக்காவது சளி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். குழந்தையின் மூக்கொழுகலை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை; எல்லோரும் இல்லையென்று தலையாட்டினார்கள். வாசல்வரை வழியனுப்பியபோது அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “சொன்னேனே” என்றார், அவ்வளவுதான். நெஞ்சில் பூசத் தைலமும் குடிக்க மிக்சரும் தவிர அவரிடம் வேறு மருந்து இல்லாத காலம் அது.

“பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே தம்பி?” என்று மூச்சுக்கு நடுவே இரண்டு தடவை கேட்டாள்.

“நல்லா இருக்கா மதினி.”

ஒன்பதாம் நாள் மதினி இறந்துபோனாள்.

இரண்டு மாதம் கழித்துச் சிற்றாற்றங்கரையில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அக்காளுக்குத் தெரியுமாலே?” என்று கேட்டான்.

“தெரியாது.”

“தெரிய வேண்டாம். அந்தப் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்லிரப்படாது.”

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை. அவனையும் சேர்த்துச் சுமக்க வைத்ததுதான் மிச்சம்.