ஓரத்தில் இருப்பவரை நகரச் சொல்லவும்

"பொறாமைன்னா அது கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. தாமிரபரணித் தண்ணியக் குடிச்சு வளந்தவன், அடுத்தவன் இலையில என்ன விழுதுன்னு எட்டிப் பாக்க மாட்டான்."

பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆசிரியரும், 'நாயகம் நேரலை' என்ற யூடியூப் சானலின் நிறுவனரும் அதன் ஒரே நடிகருமான ஆவுடைநாயகம் அவர்கள் இவ்வாறு திருவாய் மலர்ந்தது, ஒரு விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு. அந்த நேரத்தில் உலகெங்கும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பேருக்குக் கொஞ்சம் மேலே. அவருடைய மனைவி ராஜராஜேஸ்வரி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. விழுந்ததே தவிர, கேட்டார் என்று சொல்ல முடியாது.

விளையாட்டு என்றதும் துப்பாக்கி, கார், கால்பந்து என்று நினைத்துவிடக் கூடாது. இது படக்கதை. திரையில் படம் வரும், கீழே வசனம் ஓடும், நடுநடுவே 'இதைச் செய்யவா, அதைச் செய்யவா' என்று கேட்கும். நாம் ஒன்றைத் தொட வேண்டும், அவ்வளவுதான். 'லட்சம் இதயங்கள்' என்று பெயர். கதாநாயகி மிலாவுக்கு இணையத்தில் புகழ் வேண்டும். அம்மாவின் போனை எடுத்துப் பேசினால் அவளைப் பின்தொடர்பவர்கள் குறைவார்கள். அம்மா அழுவதைப் படம் பிடித்துப் போட்டால் கூடுவார்கள். வளர்க்கிற பூனை செத்துவிட்டதாக அறிவித்து ஒப்பாரி வைக்கும்போது அந்தப் பூனையே மேஜை மேல் ஏறிக் கொட்டாவி விட்டால், இன்னும் கூடுவார்கள். மிலாவுக்குக் கிகி என்று ஒரு தோழி. வயிறெரிந்து, பெயர் போடாமல் மிலாவைத் திட்டி எழுதுவதே கிகியின் முழுநேர வேலை.

இந்த விளையாட்டை விளையாடுகிறவர்கள் தங்கள் முகத்தையும் படம் பிடித்துப் போடுவது உலக வழக்கமாகிவிட்டது. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கே ஒரு கூட்டம் உண்டு. ஆவுடைநாயகமும் அதில் இறங்கினார். பிறவிக் கலைஞர் என்று தம்மைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் இருந்ததால், முகபாவங்களைக் குளியலறைக் கண்ணாடியில் முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வார். அதிர்ச்சிக்கு இடது புருவம். ஏளனத்துக்கு உதட்டின் வலது ஓரம். கிகி பொறாமையால் குமுறிய கட்டத்தில், இரண்டையும் ஒரே நேரத்தில் உயர்த்தித்தான் மேற்படிப் பிரகடனத்தைச் செய்தார்.

அடுத்த பாகத்தைப் படம் பிடிக்க வேண்டிய நாளில் ஆனித் தேரோட்டம் குறுக்கிட்டது.

மாமியார் வீடு நெல்லை டவுனில். தேரோட்டத்துக்கு இரண்டு மருமகன்களும் வந்து சேர்வது வழக்கம். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் ஆவுடைநாயகத்துக்கு அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி உண்டு. அது எழுதப்படாத சட்டம். இளைய மாப்பிள்ளை மகேஸ்வரன் களக்காட்டில் வாழைத்தார் வியாபாரம். சட்டைப் பையில் பேனாவும் தோளில் துண்டுமாக வருவார். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்வார். சகலைமார் இருவருக்கும் இடையே எந்தத் தகராறும் கிடையாது. ஒருவர் உயர்ந்தவர் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

தேர் இழுத்த களைப்பும் சொதிச் சாப்பாட்டின் மயக்கமுமாக வீடே சாய்ந்துகிடந்த மதியத்தில், ஆவுடைநாயகம் மடிக்கணினியைத் திறந்தார். மகேஸ்வரன் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"இது என்ன சகலை, சினிமாவா?"

"விளையாட்டு சகலை. வாங்க, உக்காருங்க. நீங்கதான் விளையாடப் போறீங்க. நான் ஓரமா இருந்து விளக்குதேன்."

இதைப் பெருந்தன்மை என்று எண்ணுவது வாசகரின் நல்ல மனதைக் காட்டுகிறது. சகலையின் தட்டுத்தடுமாறலுக்குப் பக்கத்தில் தம்முடைய புருவம் எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்று ஆவுடைநாயகம் கணக்குப் போட்டிருந்தார்.

மகேஸ்வரன் விளையாடினார். விளையாடினார் என்பதைவிட, மிலாவைத் தத்தெடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம்.

"ஏளா, பெத்தவ போன் பண்ணுதா, அத மொதல்ல எடுளா! சகலை, எங்கன தொடணும்? இதுலயா? ம். எடுத்துட்டா. நல்ல புள்ள."

"எடுத்தா கூட்டம் கொறையும் சகலை."

"கொறையட்டுமே. சந்தையில வெல எறங்கிட்டுன்னு தோட்டத்துக்குத் தீய வச்சிருவமா?"

பூனைக் கட்டம் வந்தது. செத்துவிட்டதாகச் சொல்லலாமா என்று விளையாட்டு கேட்டது.

"செத்துட்டா?"

"சாகல. செத்துட்டுன்னு சொன்னா ஆளு கூடும். அதுதான் இதுல ருசி."

மகேஸ்வரன் திரையைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "உசுரோட இருக்க சீவனுக்கு எழவு சொல்லுததா? ஏ மூதி, உனக்குச் சோறு போட்டவ யாருளா? சகலை, 'மாட்டேன்'னு எங்கன இருக்கு?"

கிகியிடம் வந்தபோது ஆவுடைநாயகம் தயாராக வைத்திருந்த ஏளனத்தை எடுத்தார். மகேஸ்வரனோ, "பாவம் சகலை இந்தப் புள்ள. வயிறு எரியுது, சொல்லத் தெரியல" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். கடைசியில் மிலாவுக்கு ஒரே ஒருவர்கூட மிஞ்சவில்லை. 'உன்னை யாருக்கும் தெரியாது' என்று திரையில் எழுத்து வந்தது. விளையாட்டின் மிகப் பெரிய தோல்வி அது. மகேஸ்வரன் கைதட்டி, "அப்பாடா, பொழச்சுக்கிட்டா!" என்றார்.

ஆவுடைநாயகம் படம் பிடித்ததை அப்படியே சானலில் ஏற்றினார். 'களக்காட்டுக்காரர் கம்ப்யூட்டர் விளையாடினால்?' என்று தலைப்பும் கொடுத்தார். ஊர் சிரிக்கும் என்று எதிர்பார்த்தார். சிரித்தது. ஆனால் அவர் எதிர்பார்த்த திசையில் சிரிக்கவில்லை.

ஒரு வாரத்தில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். துபாயிலிருந்து எழுதினார்கள், புன்னக்காயலிலிருந்து எழுதினார்கள். சகலையின் துண்டைப் படமாக வரைந்து ஒருவர் அனுப்பியிருந்தார். ஆவுடைநாயகம் ஆசையாசையாக ஒவ்வொரு கருத்தையும் படித்தார். தம்மைப் பற்றி வந்திருந்தது ஒன்றே ஒன்று. 'ஓரத்தில் இருப்பவரைக் கொஞ்சம் நகரச் சொல்லவும், சகலையை மறைக்கிறார்.' அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான இதயங்கள்.

ஆண்டுக்கணக்காக அவர் கேட்ட வரம் கிடைத்திருந்தது. சானல் வளர்ந்தால் முடி இறக்குவதாகத் திருச்செந்தூர் முருகனிடம் சொல்லி வைத்திருந்தார். முருகன் கொடுத்துவிட்டார். விலாசத்தைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

பள்ளியில் பிள்ளைகள், "சார், சகலை அடுத்து எப்ப சார் வருவாரு?" என்று கேட்டார்கள். தலைமையாசிரியரும் கேட்டார். ராஜராஜேஸ்வரி தோசை ஊற்றிக்கொண்டே, "அந்த மனுசன் எப்படிப் பேசுதாரு! இத்தன நாளு தெரியாமப் போச்சே" என்றார்.

"என்னத்தப் பேசிட்டாரு? வாழைக்காய்க்கு வெல பேசுத மாதிரிப் பேசுதாரு."

"அதுதாங்க நல்லாருக்கு."

அந்தத் தோசை ஆவுடைநாயகத்துக்கு இறங்கவில்லை. உப்பு கூட என்றார்.

அடுத்த விசேஷத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனபோது, மின்விசிறிக்குக் கீழே மகேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகேஸ்வரன் பதறி எழுந்து, "சகலை, இங்கன வாங்க, உங்க எடம்லா!" என்று நாற்காலியைக் கையால் துடைத்துவிட்டார். "இருக்கட்டும் சகலை, எனக்குக் காத்து ஒத்துக்கிடாது" என்றார் ஆவுடைநாயகம். அன்று அவர் இலையில் இரண்டு வடை விழுந்தது, சகலை இலையில் மூன்று. எண்ணிப் பார்த்தார் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

"அடுத்த பாகம் எப்ப சகலை எடுக்கலாம்? மிலா எப்படி இருக்காளோ" என்று மகேஸ்வரன் கேட்டார்.

"சொல்லி அனுப்புதேன்."

சொல்லி அனுப்பவில்லை. திருச்செந்தூர் போய் முடியை இறக்கிவிட்டு வந்து, தனியாகவே உட்கார்ந்து எடுத்தார். புருவம் ஏறியது, உதடு கோணியது. பழைய கணக்குப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. சகலை இல்லை. மற்றவரோ மழுமழுவென்று மொட்டை. முகமோ எழவு வீட்டு முகம்.

'சகலைக்கு என்ன ஆச்சு?' என்று முதலில் ஒருவர் கேட்டார். 'மொட்டையைப் பார்த்தால் தெரியவில்லையா?' என்று இன்னொருவர். அதற்குள் மூன்றாமவர் மெழுகுவத்தி ஏற்றிவிட்டார். சகலைக்காக எந்தச் சகலையும் முடி இறக்குவதில்லை என்ற சாத்திரம் இணையத்துக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆழ்ந்த இரங்கல்கள் வரிசைகட்டி வந்தன. மிலா வாழ்ந்துவிட்டாள், நீங்கள் போய்விட்டீர்களே என்று ஒருவர் கவிதையே எழுதினார்.

ஆவுடைநாயகம் உடனே மறுப்பு எழுத உட்கார்ந்தார். இதில் சந்தேகம் வேண்டாம். 'சகலை நலமாக இருக்கிறார்' என்று முழு வாக்கியத்தையும் தட்டிவிட்டார். அனுப்பப் போகிற நேரத்தில், பக்கத்தில் இருந்த பார்வையாளர் எண்ணிக்கை கண்ணில் பட்டது. ஏறிக்கொண்டிருந்தது. 'துயரத்திலும் கடமை தவறாத நாயகம் சாருக்குத் தலைவணங்குகிறோம்' என்று ஒரு கருத்து புதிதாக வந்தது. நாயகம் சார்! அதை இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறையும் படித்தார். கை தானாகக் கீழே இறங்கியது. காலையில் அனுப்பினால் போகிறது என்று நினைத்தார். காலையில், மாலையில் என்று நினைத்தார்.

மறுநாள் மாலை மாமியார் வீட்டிலிருந்து போன் வந்தது. மகேஸ்வரனுக்குக் காய்ச்சல். தோட்டத்தில் மழையில் நனைந்தவருக்கு நெருப்பாய்க் கொதிக்கிறதாம். டாக்டரிடம் காட்ட டவுனுக்குக் கூட்டி வந்திருக்கிறார்களாம்.

ஆவுடைநாயகமும் ராஜராஜேஸ்வரியும் ஓடினார்கள். மகேஸ்வரன் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். பக்கத்தில் அவர் மனைவி விஜயஸ்ரீ, கையில் போனோடு.

"பாருங்க அத்தான், மணிமுத்தாத்துச் சித்தப்பா மாலையோட பஸ் ஏறிட்டாராம்! இவுக செத்துட்டாகன்னு ஊரெல்லாம் பேச்சு. நான் 'இருக்காக, இருக்காக'ன்னு சொல்லிச் சொல்லித் தொண்ட கட்டிட்டு."

மாமியார் பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்தப் பாவி கெளப்பிவிட்டானோ. உசுரோட இருக்க புள்ளைக்கு இப்படிச் சொன்னா காய்ச்சல் வராம என்ன செய்யும்?"

மகேஸ்வரன் போர்வையை விலக்கினார். உதடு காய்ந்திருந்தது. "சத்தம் போடாதீங்க அத்தை. சகலைக்குத்தான் பாவம். அம்புட்டுப் பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவருக்குக் கை ஓஞ்சிருக்கும். என்ன சகலை?"

ஆவுடைநாயகம் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். போனை எடுத்தார். அனுப்பாமல் கிடந்த வாக்கியம் அப்படியே இருந்தது. அனுப்பினார். அடுத்த நொடியே, 'அப்ப எதுக்குவே மொட்டை?' என்று கேள்வி வந்தது. ஏமாற்றுக்காரர் என்று ஒருவர். நாயகம் சார் என்று எழுதியவரையும் அதற்குப் பிறகு காணவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

உள்ளே பாலம்மாள் ஒரு துண்டுக் காகிதத்தில் மிளகாய் வற்றலும் கல்லுப்பும் கடுகும் எடுத்து வைத்திருந்தார். "ஊசி போட்டது போட்டதாவே இருக்கட்டும். இது கண்ணு. லச்சம் பேரு பாத்தா பச்சமரமே பட்டுப்போகும். சுத்திப் போட்டாத்தான் எறங்கும்."

"காலடி மண்ணு வேண்டாமாம்மா?" என்றார் ராஜராஜேஸ்வரி.

"அதத்தான் யோசிக்கேன். யாரு கண்ணுன்னு தெரிஞ்சா அவுக காலடி மண்ணு ஒரு துளி போதும், சட்டுனு விட்டுரும். இங்க ஊரு ஒலகமே பாத்திருக்கு. துபாயில போயா மண்ணள்ள?" பாலம்மாள் மூத்த மருமகன் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, தெருவுல நாலு பேரு மிதிச்ச எடத்துல ஒரு துளி எடுத்துட்டு வாரீகளா?"

ஆவுடைநாயகம் தெருவுக்கு வந்தார். நாலு பேர் மிதித்த இடத்துக்கு டவுனில் பஞ்சமில்லை. பால்காரர் போனார், பூக்காரம்மா போனாள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போனார்கள். இரண்டு தடவை குனிந்தார். இரண்டு தடவையும் நிமிர்ந்துவிட்டார்.

பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, வாசற்படி ஓரத்தில் மழையில் இளகிக் கிடந்த மண்ணருகே செருப்பைக் கழற்றினார். வலது காலை வைத்து, உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி ஊன்றினார். காலை எடுத்தார். ஐந்து விரலும் குதிகாலும் தெளிவாகப் பதிந்திருந்தன. நடுவிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

உள்ளே போய்க் காகிதத்தில் வற்றல் மேல் தூவினார்.

"எங்கன எடுத்தீக மாப்பிள்ளை?" என்றார் பாலம்மாள்.

"வாசல்லதான் அத்தை" என்றார் ஆவுடைநாயகம். "நல்லா மூணு சுத்தாச் சுத்துங்க."