கன்னத்துக்குக் கீழே ஒரு கைக்குட்டை

என் சகலையை ரைபிள் கிளப்புக்கு முதன்முதலில் அழைத்துப் போனவன் நான்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன், ஏனென்றால் அப்புறம் ஒருவரும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில் வைத்திருந்தான். நான் திண்டிவனத்தில் கணக்கு வாத்தியார். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சும்மா வேடிக்கை பாக்க வாப்பா" என்று கூப்பிட்டேன். வந்தான். மூன்றே மாதத்தில் என்னைத் தாண்டிப் போனான். அட, கூப்பிட்ட வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

மாமனார் வீடு கூட்டேரிப்பட்டில், எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில். சுடும் இடம் அங்கிருந்து மயிலம் போகும் வழியில் ஒரு கல்குன்றின் அடியில் இருந்தது. ஞாயிறு காலையில் சுட்டுவிட்டு இருவரும் மாமனார் வீட்டில் சாப்பிடுவோம். என்னைப் பார்த்தால் மாமனார், "வாங்க மாப்ள" என்பார். அவனைப் பார்த்தால் எழுந்து வாசலுக்கே வருவார். "சின்ன மாப்ள, இன்னிக்கி எத்தினி?" என்று பாயிண்டு கேட்பார். என் பாயிண்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மீன் வறுவலில் நடுத்துண்டு நேராக அவன் இலைக்குப் போகும், வால் எனக்கு வரும். மூத்த மாப்பிள்ளை ஐயா நான்! எனக்கு வயிறு எரியாதா? நன்றாக எரிந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

ஐம்பது கெஜத்தில் அவனை நான் சுலபமாக ஜெயிப்பேன். முந்நூறு கெஜத்தில்தான் வம்பு. தூரம் கூடினால் ரைபிளின் பின்குறியை, அதாவது கண்ணுக்கு முன்னால் இருக்கும் துளைத் தகட்டை, மேலே ஏற்ற வேண்டும். தகடு ஏறினால் கண்ணும் ஏற வேண்டும். ஆனால் கன்னத்தைப் பதிக்கும் பின்கட்டை அதே பள்ளத்தில்தான் கிடக்கும். கன்னத்தைக் கட்டையில் வைத்தால் துளை தெரியாது. துளையைப் பார்த்தால் கன்னம் அந்தரத்தில் நிற்கும். தலை ஆட, குண்டு ஒன்று மேலே, ஒன்று கீழே போகும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவனும் அவனேதான். பழைய ரப்பர் செருப்பைக் கட்டையின் வளைவுக்கு ஏற்றபடி அறுத்து, அடுக்கி ஒட்டி, சைக்கிள் டியூபால் பின்கட்டையின் மேல் கட்டினான். அன்று அவன் சுட்டதைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கிளப்பில் முந்நூறு கெஜம் சுடும் பெரிய ரைபிள் ஒன்றே ஒன்று. அதனால் மற்றவர்களும் ஆளுக்கொரு ரப்பர் பட்டை செய்துகொண்டு, ஆள் மாறும்போது அவரவர் பட்டையை அவிழ்த்துக் கட்டிக்கொள்வது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் மாமனார் வீட்டில் அவன் குளிக்கப் போன நேரம், அவன் பையைத் திறந்து பட்டையின் உயரத்தை அளந்தேன். ஸ்கேல் என் சட்டைப் பையிலேயே இருந்தது. பதினெட்டு மில்லிமீட்டர். ஊருக்குப் போய் அச்சாக அதே மாதிரி ஒன்று செய்தேன். கட்டிக்கொண்டு சுட்டேன். பழையபடி மேலே ஒன்று, கீழே ஒன்று. இவன் இன்னும் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று மனைவியிடம் திட்டித் தீர்த்தேன். அவனுக்குப் பன்னு மாதிரி உப்பிய கன்னம், எனக்கு எலும்பும் தோலும். அவன் கணக்கு எனக்கு எப்படிச் சரிவரும்? பையன்களுக்கு இருபது வருஷமாகக் கணக்கு சொல்லிக் கொடுத்தவனுக்கு இது உறைக்கவில்லை.

மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் போக எங்கள் கிளப்புக்கு ஒரே ஓர் இடம் வந்தது. முந்நூறு கெஜம், பத்துக் குண்டு. எங்கள் இருவரில் யார் கூடுதலாக எடுக்கிறானோ அவன் போவான். அந்த இடம் எனக்கு வேண்டும். மெட்ராஸ் பெரிதில்லை, ஒரே ஒரு ஞாயிறு மாமனார் எழுந்து வாசலுக்கு வந்து என்னிடம், "எத்தினி மாப்ள?" என்று கேட்க வேண்டும்.

அந்தத் தேர்வுப் போட்டிக்கு முந்தின வாரம் நான் படுத்துச் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த சகலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, கண்ண மூடிக்கினு கன்னத்த வைங்க. வெச்சிட்டீங்களா? இப்ப தொறங்க. இன்னா தெரியுது?"

"தகடுதான் தெரியுது."

"தொள?"

"அது மேல இருக்குது."

"அப்ப பட்ட பத்தலண்ணே. நீங்க தலய தூக்கிக்கினு சுடறீங்க."

தன் கைக்குட்டையை நான்காக மடித்து என் பட்டைக்கு அடியில் செருகி இறுக்கிக் கட்டினான். மறுபடி கண்ணை மூடித் திறந்தேன். துளை நேராகக் கண்ணுக்குள் வந்து நின்றது. ஐந்து குண்டு சுட்டேன். நாலு நடுவில். அவன் கைதட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதம் நான் மண்டையை உடைத்துக்கொண்டதை இவன் ஒரு கைக்குட்டையால் தீர்த்துவிட்டானே என்றுதான் இருந்தது.

தேர்வு அன்று அவன் முதலில் சுட்டான். நூற்றுக்கு எண்பத்தாறு. அப்புறம் அவனே என் பட்டையைக் கட்டி, கைக்குட்டையைச் செருகி, "இறுக்கிட்டேன்ணே, தைரியமா சுடுங்க" என்று பின்னால் போனான். எண்பத்தாறை என்னால் தாண்ட முடியும். எனக்கே தெரிந்தது. நான் படுக்கும்போது பின்னாலிருந்து கிளப் செயலாளரின் குரல் கேட்டது. "இன்னிக்கி பெரியவரு அடிச்சிடுவாரு பாரு. சின்னவரு அட்ஜஸ்ட் பண்ணி வுட்டுருக்காரு இல்ல?"

அவ்வளவுதான். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஜெயித்தாலும் அவன் பெயர்தானா? சுடலாம் என்று செங்கொடி இறங்குவதற்குள் டியூபைத் தளர்த்தி, கைக்குட்டையை உருவி வயிற்றுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். சுட்டேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. எழுபத்தொன்பது.

நான் எழுந்ததும் சகலை ஓடி வந்தான். பாயில் கிடந்த கைக்குட்டையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

"ஐயய்யோ, நழுவிடுச்சா அண்ணே?"

"ஆமாம்பா" என்றேன்.

மாமனார் வீட்டு வாசலில் அவரே எழுந்து வந்தார், வழக்கம்போல் அவனைப் பார்த்து. அவன் தன் பாயிண்டைச் சொல்லவில்லை.

"நான்தான் போறேன் மாமா. ஆனா அண்ணன்தான் போயிருக்கணும். நான் கட்டனது லூசா பூடுச்சி. என்னாலதான் அவருக்குப் போச்சி."

மாமனாருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "ஒரு கட்டு ஒழுங்கா கட்டத் தெரியாது, நீ இன்னாத்துக்கு அதுல கை வெச்ச? மூத்தவரு வாய்ப்ப கெடுத்துட்டு வந்து நிக்கற!" பத்து நிமிஷம் நிறுத்தாமல் திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நான் வாயைத் திறக்க எத்தனை இடம் இருந்தது! திறக்கவில்லை. மாமனார் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, "எத்தினி மாப்ள எடுத்தீங்க?" என்று கேட்டார். எழுபத்தொன்பது என்றேன். "பரவால்ல, பரவால்ல" என்றார். அவன் வெளியிலேயே நின்றான், சாப்பிட வரவில்லை. நான் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வீட்டில் அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, அதற்குப் பின்னாலும் சாப்பிட்டதில்லை.