படித்துவிட்டுப் போடும் கையெழுத்து

வலது கை ஆலன் சாவியைக் கால் சுற்று திருப்பியது. விழப்போகும் திருகாணிக்காக இடது கை கீழே குவிந்து காத்திருந்தது. கழற்றிய பாகங்களை அந்தக் கைகள் கழற்றிய வரிசையிலேயே, இடமிருந்து வலமாக, அலுமினியத் தாளின் மேல் வைத்தன. தகடுகளில் படிந்திருந்த பழுப்புக் கறையை அலுமினாப் பொடி தொட்டுத் தேய்த்தன, மெத்தனாலில் கழுவின, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தன. பொருத்தி மூடிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாத இடம்தான். இருந்தும் மூன்று முறை தேய்த்த பிறகே தகடு தாளுக்குத் திரும்பியது.

மூலக்கூறுகளை எடைபோடும் இயந்திரம் அது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்பார்கள். அதன் வாய்ப்பகுதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் சுத்தம் செய்ய வேண்டும். பெங்களூர் விவேக் நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சிந்தியா ஏழு ஆண்டுகளாக இதைச் செய்கிறாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் சேர்ந்த புதிதில் இயந்திரம் படுத்துக்கொண்டால் கம்பெனிக்காரர் மும்பையிலிருந்து வரும்வரை எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். நானூறு பக்கக் கையேட்டை அவள் ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்து, ஒவ்வொரு பாகமாகத் திறக்கக் கற்றுக்கொண்டாள். திறந்ததையெல்லாம் பச்சை அட்டை போட்ட ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தாள்: தேதி, கோளாறு, காரணம், செய்தது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாயிற்று. இப்போது அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வேலை. அதே வளாகத்தில் புதிதாகத் தொடங்கும் கருவி மையத்துக்குப் பொறுப்பு விஞ்ஞானி தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பத்தோடு நெறியாளரின் சிபாரிசுக் கடிதமும் போய்ச் சேர வேண்டும்.

நெறியாளர் சந்தானம் அதை வேலையாகவே கருதவில்லை. அவர் அறைச் சுவரில் ஓர் உலகப்படம் உண்டு. வெளிநாடு போன ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஒரு சிவப்புக் குண்டூசி. சிந்தியாவுக்காக ஜெர்மனியில் தன் நண்பரின் ஆய்வகத்துக்கு அவர் ஏற்கெனவே ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. பொறுமையாக இரு, வேறு இடம் பார்க்கிறேன், கருவி மையம் எல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சிபாரிசுக் கடிதத்தை மாணவரே எழுதிக்கொண்டு போக வேண்டும்; சார் கையெழுத்துப் போடுவார். மாணவர்களும் எழுதுவதில்லை. முன்னால் போனவர் விட்டுச்சென்ற கடிதத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவார்கள். கடும் உழைப்பாளி, நேர்மையானவர், சொன்னதைச் செய்பவர், எல்லோரிடமும் இணக்கமாகப் பழகுபவர். பத்து ஆண்டுகளாக அந்தக் குழுவிலிருந்து புறப்பட்ட எல்லோரும் ஒரே ஆளாக இருந்தார்கள்.

வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. இந்த வேலைக்கும் அதே கடிதத்தில் பெயரை மாற்றிவிடலாம் என்று, ஜெர்மனிக்குப் போன கடிதத்தை சிந்தியா கைப்பேசியில் திறந்தாள். மூன்றாம் பத்தியில் விரல் நின்றது. ‘தேஜஸை நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்’ என்று இருந்தது. தேஜஸ் அவளுக்கு முன்னால் படித்துவிட்டு கனடா போனவன். முழுப் பெயர் வந்த இடங்களை எல்லாம் தேடி மாற்றியவள், வெறும் பெயர் வந்த அந்த ஓர் இடத்தை விட்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத தகட்டை மூன்று முறை தேய்ப்பவள், தன்னைப் பற்றிய கடிதத்தை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டவரும் படிக்கவில்லை.

ஆய்வகத்தில் ஜூனியர் நிருபமாவிடம் காட்டினாள். அவள் முதலில் சிரித்தாள்.

“தேஜஸுக்கு ரெண்டாவது தடவ வேலை வாங்கிக் குடுக்கப் பாத்தீங்களா அக்கா?”

பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். சார்தான் படிப்பதே இல்லையே. நாளைக்குக் கட்டுக் காகிதங்களோடு கருவி மையத்துக் கடிதத்தையும் செருகி நீட்டினால் போட்டுவிடுவார். அவருக்குத் தெரியவே தெரியாது.

“பேடா, வேணாம்,” என்றாள் சிந்தியா. “ஏழு வருஷத்துல ஒரு தடவயாவது நான் என்ன செஞ்சேன்னு அவர் படிக்கட்டும்.”

பழைய கடிதத்தை மூடிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். அதில் தேதி காட்ட முடியாத எதையும் புதுக் கடிதத்தில் எழுதுவதில்லை என்று தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள். முதலில் கைவிட்ட சொல் ‘கடும் உழைப்பாளி’. அடுத்தது ‘இணக்கமானவர்’. மாலைக்குள் ஒரு பக்கம் நின்றது. அவள் சேர்ந்த ஆண்டில் இயந்திரம் நாற்பத்தொரு நாள் முடங்கிக் கிடந்தது. சென்ற ஆண்டில் மூன்று நாள். பதினொரு பேருக்கு இயக்கக் கற்றுக்கொடுத்தாள். அவர்களில் ஒன்பது பேர் இன்று துணையின்றிச் சுத்தம் செய்வார்கள். இரண்டாம் ஆண்டில் தவறான வால்வைத் திறந்து ஒரு பம்பைக் கெடுத்தாள். அதற்குப் பின் அவள் எழுதிச் சுவரில் ஒட்டிய ஏழு படிகளை எல்லோரும் பின்பற்றுகிறார்கள். வேறு பம்பு எதுவும் கெடவில்லை.

“பம்பு கெட்டதையுமா போடுவாங்க?” என்று நிருபமா பதறினாள்.

“அதப் போட்டாதான் மத்ததை நம்புவாங்க.”

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் உள்ளே போனபோது சந்தானம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே கை நீட்டினார். அவள் தாளைக் கொடுக்கவில்லை. மேசைமேல் அவர் பக்கம் திருப்பி வைத்து, அருகில் பச்சைப் பதிவேட்டையும் வைத்தாள்.

“படிச்சிட்டுப் போடுங்க சார். படிக்காம வேணாம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதற்கான கடிதம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

“ஸ்பேனர் பிடிக்கறதுக்கா ஏழு வருஷம் பிஎச்டி பண்ணினே?”

“ஸ்பேனர் பிடிச்சதாலதான் சார் பிஎச்டி முடிஞ்சது.”

அவர் நாற்பத்தொரு நாள் என்ற வரியைப் பேனாவால் தட்டினார். இது வெளியே போனால் நம் ஆய்வகத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள், இதை எடுத்துவிடு, பொதுவாக நாலு நல்ல வார்த்தை போடு என்றார். எடுக்க முடியாது என்றாள் அவள். அந்த வரி இல்லாத கடிதம் தனக்குத் தேவையில்லை, கடிதம் இல்லாமலே விண்ணப்பிக்கிறேன், படிவத்தில் அதற்கான கட்டத்தில் ‘நெறியாளர் மறுத்தார்’ என்று எழுதிவிடுகிறேன் என்றாள். குரல் உயரவில்லை.

சந்தானம் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். எதைத் தேடினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலாம் ஆண்டில் ஒரு பக்கத்தில் நின்றார். டிடெக்டர் செத்தது, மாற்றியது, அளவுதிருத்தம் செய்தது. மறுநாள் தேதியிலிருந்து தொடங்கிய அளவீடுகள்தாம் அவர் பெயரை ஊர் உலகம் அறியச் செய்த கட்டுரையில் இருந்தன. அந்தத் தேதி அவருக்கு மனப்பாடம்.

“இதை யார் மாத்தினா? கம்பெனிக்காரனா?”

“கையெழுத்து கீழ இருக்கு சார்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார். பம்பு கெட்ட வரியில் உதடு ஒருமுறை அசைந்தது. படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டார். உறைக்குள் வைத்து ஒட்டி, மடிப்பின் மேலும் ஒன்று போட்டார். உறையை உடனே விடவில்லை.

“அந்த ஜெர்மனி லெட்டர் அங்கதானேம்மா இருக்கு. அவன் இன்னும் பதில் போடலாம்.”

“அது தேஜஸுக்குப் போட்ட லெட்டர் சார். மூணாவது பத்தியைப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. சுவரிலிருந்த உலகப்படத்தைப் பார்த்தார்.

“உனக்குக் குண்டூசியை எங்க குத்தறது?”

“இங்கயே குத்துங்க சார். பெங்களூர்ல ஒண்ணுகூட இல்ல.”

கருவி மைய அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாங்கும் மமதா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது. “ஏனம்மா, லாஸ்ட் மினிட்லயா?” என்றவர், நெறியாளர் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். சிந்தியா விண்ணப்பத்தை வைத்து, அதன்மேல் அந்த உறையை, ஒட்டிய பக்கம் மேலே தெரியும்படி, இரு கையாலும் நீட்டினாள். மமதா வாங்கிக்கொண்டார்.